பழைய லாரிகள்: உறுதியும் சௌகரியமும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. அதற்குரிய புலமை வாய்ந்தோர் நம் காலனியில் பலர் உளர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே எழுத்தராகப் பணியாற்றும் நாம் அத்துறையில் கால் வைப்பது முறையன்று. ஆகவே, நாள்தோறும் நம் கண்முன் ஓடுகின்ற ஒரு பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அப்பொருள் லாரி, சிறப்பாக, நெடுந்தொலைவு ஓடிய பழைய லாரி.

ரயில்வேக்காரர் லாரியைப் பற்றிப் பேசுவதா என்று முன்வரிசையில் சிலர் நகைப்பது தெரிகிறது. சரக்கு ரயிலுக்கு லாரி பங்காளி முறை. பங்காளியின் குணமும் குற்றமும் பங்காளிக்குத்தான் நன்கு தெரியும்!

நாயுடுபேட்டையில் வாழ்வோர்க்கு லாரி புதியதன்று. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலை நம் ஊரைத் தொட்டுச் செல்கிறது. முன்னர் அதன் எண் 5, இப்பொழுது 16. மேற்கே திரும்பினால் சீகாளத்தி, ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் 71ஆம் எண் சாலை. வடக்கே 2008ஆம் ஆண்டில் கிருஷ்ணப்பட்டினம் துறைமுகம் திறக்கப்பட்டது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த நம் ஊர் 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டத்திற்குப் போயிற்று. மாவட்டம் மாறினும் சாலை மாறவில்லை.

அச்சாலையில் ஓடும் வண்டிகளின் எண் பலகையைப் படிப்பது நம் காலனிச் சிறுவர்க்கு ஒரு விளையாட்டு. டி.என். 28 என்றால் நாமக்கல். 34 என்றால் திருச்செங்கோடு. 52 என்றால் சங்ககிரி. நம் மொழி பேசும் ஓட்டுநர்கள் இரவு பகலாக நம் ஊரைக் கடந்து செல்கின்றனர். அவர்களுள் சிலருக்கு நம் காலனியில் உறவினரும் உண்டு. ஆகவே இப்பொருள் நமக்கு வேடிக்கைப் பொருளன்று, வீட்டுப் பொருள்.

தேநீர்க் கடையில் முதியோர் சிலர் கூறும் ஒரு வாக்கியத்தை நீங்கள் பன்முறை கேட்டிருப்பீர்கள். "அந்தக் காலத்து வண்டி இரும்பு, இந்தக் காலத்து வண்டி தகரம்" என்பதே அது. இவ்வாக்கியம் எத்துணை உண்மை? அதனை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம். அவ்வாறு ஆராயுங்கால் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்டல் வேண்டும். வண்டி உறுதியாக இருந்ததா என்பது ஒன்று. வண்டியில் அமர்ந்தவன் நலமாக இருந்தானா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குக் கிடைக்கும் விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதால்தான் குழப்பம் எழுகிறது.

லாரிகள் வந்த வரலாறு

நாடு விடுதலை பெற்ற காலத்தில் நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் அயல்நாட்டு வண்டிகளே. பெட்ரோலில் ஓடிய செவர்லே, போர்டு, பெட்போர்டு முதலியவற்றைப் பழைய புகைப்படங்களில் இன்றும் காணலாம். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தார் டாட்ஜ், பார்கோ லாரிகளைச் செய்து விற்றனர். சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனத்தார் பெர்கின்ஸ் வகை டீசல் இஞ்சின்களைச் செய்யத் தொடங்கினர்.

நம் நாட்டு நெடுவழி லாரியின் வரலாற்றில் இரண்டு பெயர்கள் நிலைத்து நின்றன. ஒன்று டாடா, மற்றொன்று அசோக் லேலண்டு.

ஜாம்ஷெட்பூரில் 1945ஆம் ஆண்டு தோன்றிய டெல்கோ நிறுவனம், பெயரிலேயே லோகோமோட்டிவ் என்ற சொல்லைக் கொண்டது. ரயில் இஞ்சின் கட்டவே அது பிறந்தது. மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி இஞ்சின்கள் மிகப் பல அங்கே கட்டப்பட்டவை. அந்நிறுவனம் 1954ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, டாடா-மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. 1969ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கை முடிந்தது. முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் மறைந்தது.

அசோக் மோட்டார்ஸ் 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவது அதன் முதல் தொழில். பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்தோடு கூடி, காமெட் என்னும் லாரியைச் செய்தது. 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. எண்ணூர் நமக்கு அண்மையில் உள்ளமையால், தென்னாட்டுச் சாலைகளில் லேலண்டு வண்டிக்கு என்றும் தனி மதிப்பு உண்டு.

எண்கள் கூறும் செய்தி

இவ்விரு நிறுவனத்தாரும் தம் வண்டிக்கும் இஞ்சினுக்கும் இட்ட எண்களைக் கவனித்தல் பயன் தரும்.

டாடாவின் பெயர் பெற்ற வண்டி 1210. இதில் முதல் இரண்டு இலக்கம் எடையைக் குறிக்கும். அஃதாவது, வண்டியும் சுமையும் சேர்ந்து 12 டன். பின் இரண்டு இலக்கம் திறனைக் குறிக்கும். அஃதாவது, 100 குதிரைத் திறனை ஒட்டிய இஞ்சின். அவ்வாறே 1612 என்றால் 16 டன், 120 குதிரைத் திறன். அவ்வண்டிகளின் இஞ்சின்களுக்கு 692, 697 என்று பெயர். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டம் 92 மில்லிமீட்டர் அல்லது 97 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். 692இன் கொள்ளளவு ஏறத்தாழ 4.8 லிட்டர், 697இன் கொள்ளளவு ஏறத்தாழ 5.7 லிட்டர்.

லேலண்டு இங்கிலாந்து மரபில் வந்தமையால் கன அங்குலத்தில் பேசியது. 350 என்றால் 350 கன அங்குலம். 370 என்றால் 370 கன அங்குலம். ஹிப்போ போன்ற பெரிய வண்டிகளுக்கு உரிய 680 இஞ்சின் ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளளவு உடையது. வானத்து வால்மீனையும் ஆற்று நீர்யானையையும் பெயராகச் சூட்டிக்கொண்டாலும், உள்ளே இருந்தது கணக்குத்தான்.

அன்பர்களே! இவ்வெண்களை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். எடைக்கு ஓர் எண். திறனுக்கு ஓர் எண். சிலிண்டரின் விட்டத்திற்கு ஓர் எண். ஓட்டுபவனுக்கு எண் எங்கே? ஓர் இலக்கமும் இல்லை. அவன் எவ்வளவு வெப்பத்தைத் தாங்குவான், எத்தனை மணி நேரம் அமர்வான், எங்கே உறங்குவான் என்பன எந்த எண்ணிலும் அடங்கவில்லை. பழைய லாரியின் முழு வரலாறும் இதில் அடங்கிவிட்டது எனலாம்.

உறுதி எங்கே இருந்தது?

பழைய வண்டியின் உறுதியை நாம் மறுக்கவில்லை. மெச்சவே செய்கிறோம். அவ்வுறுதி மூன்று இடங்களில் இருந்தது.

முதலாவது, சேசிஸ். நீண்ட இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சட்டங்கள், எல்லாவற்றையும் இறுக்கிய ரிவெட்டுகள். அக்காலத்தில் கணக்குப் பார்த்து எஃகைக் குறைக்கும் வித்தை இன்று போல் வளரவில்லை. ஐயம் ஏற்பட்ட இடத்திலெல்லாம் கனத்தைக் கூட்டினர். மேலும், எழுதிய எடைக்கு மேல் ஏற்றுவது நம் நாட்டில் பரவலான வழக்கமாக இருந்தது. அதனைத் தாங்கும் வண்டியே சந்தையில் நின்றது, தாங்காதது மறைந்தது. 2005ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அதிகப்படி சுமைக்கு இடங்கொடுத்த மாநில ஆணைகள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுக்குரிய எடை வரம்பையே உயர்த்தியது.

இரண்டாவது, இஞ்சின். பெரிய கொள்ளளவு, மெதுவான சுழற்சி, குறைந்த திறன். குதிரையை அதன் முழு வேகத்தில் ஓட்டாமல் நடையில் ஓட்டினால் நெடுநாள் உழைக்கும் அன்றோ! லேலண்டு இஞ்சின் அத்தகைய நடைக் குதிரை. இழுப்பில் அதற்கு நிகரில்லை என்று ஓட்டுநர் கூறுவர். டாடா இஞ்சின் சற்றே சிறியது, விரைந்து சுழலும். தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் மாற்றி மீண்டும் ஓட்டலாம். ஓர் இஞ்சின் இவ்வாறு இரண்டு மூன்று பிறவி எடுப்பது இயல்பு.

மூன்றாவது, பழுது பார்க்கும் எளிமை. இதுவே மிகப் பெரிய உறுதி என்பது நம் கருத்து. மின்னணுக் கருவி ஒன்றும் இல்லாத வண்டி. காதால் கேட்டுக் குற்றம் கண்டுபிடிக்கலாம். ஸ்பானராலும் சுத்தியலாலும் குணப்படுத்தலாம். டாடாவின் உதிரிப் பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைத்தது. நடுவழியில் பட்டை முறிந்தால் அருகில் உள்ள கொல்லுப் பட்டறையிலேயே வேறு பட்டை அடித்துப் பூட்டி, மறுநாள் புறப்படலாம். பட்டை என்பது அச்சின்மேல் அடுக்கடுக்காக வைக்கப்படும் எஃகு வில் என்பதைத் தாய்மார்கள் அறிக.

இவ்வளவில் முதியோர் வாக்கியம் உண்மையே. வண்டி இரும்புதான். இனி, இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

தச்சன் கட்டிய அறை

இங்கே இளைஞர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் தொழிற்சாலை முழு லாரியை விற்கவில்லை. சேசிஸ், இஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், முகப்புத் தகடு ஆகிய இவ்வளவே விற்றது. ஓட்டுநர் ஒரு தற்காலிக இருக்கையில் அமர்ந்து, தலைக்குமேல் கூரையின்றி, தொழிற்சாலையிலிருந்து பாடி கட்டும் பட்டறைக்கு அதனை ஓட்டிச் செல்வார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கங்களிலும், ஆந்திராவில் விசயவாடா ஆட்டோ நகரிலும் உள்ள பட்டறைகளில் அதற்கு உடம்பு கட்டப்படும்.

ஆக, சுமை தாங்கும் சேசிஸைக் கட்டியவர் படித்த பொறியாளர். மனிதனைத் தாங்கும் அறையைக் கட்டியவர் ஊர்த் தச்சர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தச்சர்களின் திறமைக்கு நாம் தலைவணங்குகிறோம். தொழிற்சாலை மறந்த மனிதனை அவர்கள்தாம் நினைவில் வைத்தனர். இருக்கைக்குப் பின்னே ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் பலகை. சமையற் பாத்திரமும் அடுப்பும் வைக்கும் பக்கப் பெட்டி. துணி தொங்கவிட ஆணி. சாமி படத்திற்கு மாடம். தார்ப்பாயும் கயிறும் வைக்கக் கூரைமேல் இடம். இவை அனைத்தும் அவர் கைவண்ணம். வண்டிச் சொந்தக்காரர் கேட்டால் கேட்டபடி செய்தனர். கேளாவிடில் வழக்கப்படி செய்தனர்.

மர அறைக்குச் சில நன்மைகள் உண்டு. தகரம் போல் மரம் வெயிலில் விரைந்து காயாது. ஓசையையும் சிறிது அடக்கும். ஒரு பலகை உடைந்தால் அதனை மட்டும் மாற்றலாம். ஆனால் குறைகளும் பல. சில ஆண்டுகளில் மூட்டுகள் தளர்ந்து கிறீச்சிடும். மழைநீர் ஒழுகும். அடியில் உள்ள இடுக்குகள் வழியாகப் புழுதியும் புகையும் புகும். எல்லாவற்றினும் கொடிது, மோதல் நேர்ந்தால் அவ்வறை ஓட்டுநரைக் காவாது. சேசிஸ் வளையாமல் நிற்கும். பலகை அறை நொறுங்கிவிடும். வண்டி பிழைத்தது, ஆள் பிழைக்கவில்லை என்ற செய்தியை நம் நெடுஞ்சாலைகள் பலமுறை கேட்டிருக்கின்றன. இரும்பு என்று நாம் புகழ்ந்தது ஓட்டுநரைச் சுற்றி இல்லை. அவன் காலுக்குக் கீழே இருந்தது.

மூக்கு நீண்டதும் மூக்கு தட்டையானதும்

பழைய வண்டிகளை ஒப்பிடுவோர் முதலில் காணவேண்டியது முகத்தை. 1950-களில் வந்த டாடா-மெர்சிடிஸ் வண்டிகள் மூக்கு நீண்டவை. இஞ்சின் ஓட்டுநருக்கு முன்னே தனி அறையில் இருந்தது. அதனால் வெப்பமும் ஓசையும் சற்றுக் குறைவு. எதிரே எதுவும் மோதினால் முதலில் அடி வாங்குவது மூக்கு. ஓட்டுநர் சற்றுப் பின்னே இருந்தார். மூடியைத் திறந்து நின்றபடியே இஞ்சின் வேலை செய்யலாம்.

தட்டை முகத்து வண்டிகளில் ஓட்டுநர் முன் அச்சின்மேலேயே அமர்ந்தார். இஞ்சின் அவர் முழங்காலுக்கு அருகில், ஒரு மூடிக்குக் கீழே வந்துவிட்டது. அதே நீள வண்டியில் சுமைக்கு அதிக இடம் கிடைத்தது. சாலையும் நன்றாகத் தெரிந்தது. குறுகிய தெருவில் திருப்புவது எளிதாயிற்று. ஆனால் ஓட்டுநர் அடுப்புக்கு அருகில் அமர்ந்தவர் ஆனார். சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டா. வெளியே அவ்வெயில், உள்ளே கொதிநீர் ஓடும் இஞ்சின். அதன் மூடிமேல் கோணிப்பையை மடித்துப் போட்டுக் கிளீனர் அமர்வார். சொந்தக்காரருக்குச் சுமையிடம் கூடியது. அதன் விலையை ஓட்டுநரின் உடம்பு கொடுத்தது.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் நெடுவழிச் சரக்கை ஏற்றிச் செல்வது, முன்னே இழுக்கும் வண்டியும் பின்னே பூட்டிய டிரெய்லரும் சேர்ந்த நீண்ட லாரி. அங்கே பல மாநிலங்களில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்திற்கு வரம்பு இருந்தது. ஆகவே மூக்கைக் குறைத்து டிரெய்லரை நீட்டினர். தட்டை முகத்து வண்டிகள் பெருகின. 1982ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நெடுஞ்சாலைகளில் அம்மொத்த நீள வரம்பை நீக்கி, டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. உடனே மூக்கு நீண்ட வண்டிகள் மீண்டும் ஓங்கின. 1961ஆம் ஆண்டில் வந்த கென்வொர்த் டபிள்யூ 900, 1967ஆம் ஆண்டில் வந்த பீட்டர்பில்ட் 359 ஆகியவற்றை அந்நாட்டு முதியோர் இன்றும் பெருமையாகப் பேசுவர். கென்வொர்த் நிறுவனம் 1976ஆம் ஆண்டிலேயே ஓட்டுநர் எழுந்து நிற்கத்தக்க உயரமான கூரையுடைய உறங்கும் அறையைச் செய்தது. சுவீடனின் வால்வோ 1979ஆம் ஆண்டில் குளோப்டிராட்டர் என்ற உயர்ந்த அறையைக் கொணர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? லாரியின் முகத்தைக் கூடப் பொறியாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை; சட்டமும் தீர்மானிக்கிறது. சட்டம் சுமையை மட்டும் அளந்தால் வண்டி சுமைக்காக வளரும். சட்டம் மனிதனையும் அளந்தால் வண்டி மனிதனுக்காகவும் வளரும்.

இருக்கையில் அமர்ந்தவன் பட்டது

ஓட்டுநரின் இருக்கை பெரும்பாலும் தேங்காய் நாரும் ரெக்சின் உறையும் கொண்டது. முன்னும் பின்னும் நகர்த்த இயலாது. உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் ஒரே அளவு. வண்டி குலுங்குவதை இருக்கை தடுப்பதில்லை. அப்படியே முதுகெலும்புக்கு அனுப்பிவிடும். மேலும் கீழுமாக நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரை குலுங்கும் அதிர்வே அமர்ந்திருக்கும் மனித உடலை மிகுதியாக வருத்தும் என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. இறுகிய பட்டை பூட்டிய லாரியில் உடல் அனுபவிப்பது அத்தகைய அதிர்வுதான். சுமை ஏறினால் பட்டை சற்று இளகும். சுமையின்றித் திரும்பினால் வண்டி துள்ளும். ஆகவே, வெறும் வண்டி ஓட்டுவது எளிது என்று எண்ணுவோர் அதில் ஒருமுறை அமர்ந்து பார்த்தல் வேண்டும்.

ஸ்டியரிங் மிகப் பெரிய வட்டம். பவர் ஸ்டியரிங் வராத காலத்தில் அதனைச் சுழற்றும் வலிமை முழுதும் தோளிலிருந்து வரவேண்டும். நிற்கும் வண்டியைத் திருப்ப ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து, உடம்பின் எடையையே அதன்மேல் சாய்ப்பது உண்டு. பழைய கியர்ப் பெட்டிகள் பலவற்றில் கிளச்சை இருமுறை அழுத்த வேண்டும். நடுவில் இஞ்சின் வேகத்தைக் காதால் அறிந்து சரிப்படுத்த வேண்டும். தவறினால் பல்லைக் கடிக்கும் ஓசை. கலை என்ற முறையில் அது வியப்புக்குரியது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, நூறாவது முறையாக அதைச் செய்பவனுக்கு அது கலையாகத் தோன்றாது.

பாதுகாப்பும் சௌகரியமும் வேறு வேறு என்று சிலர் கருதுவர். அவ்வாறன்று. தோள் வலியும் வெப்பமும் ஓசையும் சேர்ந்தால் உடல் களைக்கும். களைத்த உடல் கண்ணை மூடும். நெடுஞ்சாலையில் கண்மூடும் நேரம் மூன்று நொடி என்றாலும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். ஐம்பது மீட்டர் என்பது இரண்டு ரயில் பெட்டிகளின் நீளத்தையும் கடந்தது. ஆகவே நல்ல இருக்கை சுகபோகம் அன்று; அது பிரேக்கைப் போன்ற ஒரு காப்பு. அக்காப்பு ஓட்டுநருக்கு மட்டுமன்றி, சாலையைக் கடக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியது.

இவ்விடத்தில் நம் ரயில்வேயையும் ஒரு சொல் கூறாவிடில் நடுநிலை தவறியவர் ஆவோம். நீராவி இஞ்சினைக் கட்டியோரும் கொதிகலனின் வலிமையைக் கணக்கிட்டனர். நெருப்பின்முன் நின்று கரி தள்ளியவரின் முகத்தைக் கணக்கிடவில்லை. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியே அமர்ந்து சென்ற கார்டின் நிலையும் அத்தகையதே. லாரிக்கும் ரயிலுக்கும் இப்பாடம் ஒன்றேயாம்.

மாற்றம் வந்த வழி

1994ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு தன் ஓசூர்த் தொழிற்சாலையில் கார்கோ என்னும் வண்டியைச் செய்தது. தொழிற்சாலையிலேயே அறை கட்டிப் பூட்டிய லாரியை அந்நிறுவனம் விற்றது அதுவே முதன்முறை. அவ்வறையின் அமைப்பு ஐரோப்பாவின் போர்டு கார்கோ வண்டியிலிருந்து வந்தது. வால்வோ நிறுவனம் 1990-களின் இறுதியில் பெங்களூரை அடுத்த ஒசகோட்டையில் கால் ஊன்றியது. 2004ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் கொரியாவின் டேவூ லாரித் தொழிலை வாங்கியது; 2009ஆம் ஆண்டில் பிரைமா என்ற புதிய வரிசையை வெளியிட்டது. 1969இல் டாடாவைப் பிரிந்து சென்ற அதே டைம்லர் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த ஒரகடத்திலிருந்து பாரத்பென்ஸ் என்ற பெயரில் லாரிகளை விற்கத் தொடங்கியது. போனவர் புது வீடு கட்டித் திரும்பி வந்தது போன்ற கதை!

இவ்வண்டிகளில் அறை சேசிஸின்மேல் இறுக்கமாக அமர்வதில்லை. தனி வில்லின்மேல் நிற்கிறது. இருக்கையை ஆளுக்கேற்ப நகர்த்தலாம். ஸ்டியரிங் ஒரு கையால் சுழலும். எல்லாவற்றிற்கும் முடிவாக, 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. அவ்விதிப்படி 2025ஆம் ஆண்டு முதல் புதிதாகச் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் ஆயிற்று. 1954ஆம் ஆண்டிலிருந்து எண்ணிப் பார்த்தால், எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஓட்டுநருக்கும் சட்டத்தில் ஓர் இலக்கம் கிடைத்தது எனலாம்.

சட்டம் முன்னரே உறங்கிக் கிடந்தது என்றும் சொல்லவியலாது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. நெடுந்தொலைவு வழிகளுக்கு நாளொன்றுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி வரை இடங்கொடுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. அரைமணி ஓய்வு தரல் வேண்டும் என்றது. ஆனால் சுமை சேரவேண்டிய நேரத்தைச் சொந்தக்காரர் குறித்துவிட்டால், அரைமணி ஓய்வை எங்கே தேடுவது? ஏட்டில் உள்ள ஓய்வு சாலையில் கிடைத்தல் வேண்டும்.

முடிவு

இனி நம் தீர்ப்பைக் கூறி அமர்வோம். டாடாவா லேலண்டா என்றால், பழுது பார்க்கும் எளிமைக்கும் உதிரிப் பாகத்திற்கும் டாடா. இழுப்புக்கும் நீடித்த இஞ்சினுக்கும் லேலண்டு. இப்பெருமை இரண்டும் ஓட்டுநர் உலகம் கொடுத்தது. அதனை நாம் மாற்றப் போவதில்லை. மூக்கு நீண்டதா தட்டையானதா என்றால், ஓட்டுநருக்கு நீண்டது, சொந்தக்காரருக்குத் தட்டையானது. மர அறையா இரும்பு அறையா என்றால், ஐயத்திற்கு இடமின்றி, முறையாகக் கட்டிய இரும்பு அறை.

"அந்தக் காலத்து வண்டி இரும்பு" என்ற வாக்கியத்தை இவ்வாறு திருத்திச் சொல்ல விரும்புகிறோம்: அந்தக் காலத்தில் வண்டியும் இரும்பு, மனிதனும் இரும்பாக இருத்தல் வேண்டும் என எதிர்பார்த்தனர். அவன் இரும்பு அல்லன் என்பதே அதிலுள்ள பிழை.

நம் காலனியினர்க்கு மூன்று விண்ணப்பங்கள். சேமிப்பைப் போட்டுப் பழைய லாரி வாங்க எண்ணும் இளைஞர்களே! சேசிஸில் ஒட்டுப் போட்ட அடையாளம் உண்டா என்று பாருங்கள். இஞ்சின் புகையைப் பாருங்கள். அத்தோடு ஓட்டுநர் இருக்கையில் ஒரு மணி நேரம் அமர்ந்தும் பாருங்கள். வண்டிக்கு வர்ணம் பூசும் முன்னர் இருக்கையை மாற்றுங்கள். அறையின் அடியில் உள்ள இடுக்கை அடையுங்கள். அச்செலவு வீண்போகாது.

தாய்மார்களே! கணவரோ மகனோ தம்பியோ லாரியில் சென்றிருந்தால், தொலைபேசியில் "எப்பொழுது வந்து சேர்வீர்கள்?" என்று கேட்பதற்கு முன் "எங்கே உறங்கினீர்கள்?" என்று கேளுங்கள். முதற் கேள்வி வண்டியை விரைவுபடுத்தும். இரண்டாவது கேள்வி ஆளை வீட்டுக்குக் கொண்டுவரும்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். கோடை தோறும் கோயில் வாயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது தமிழர் மரபு. வரும் கோடையில், திருப்பதிச் சாலை பிரியும் இடத்திற்கு அருகில், உரியவர் அனுமதி பெற்று, ஒரு பந்தலும் நாலு கயிற்றுக் கட்டிலும் ஒரு பானை மோரும் வைப்போமாக. நாமக்கல்லிலிருந்து வருபவர் மட்டுமன்றி, குண்டூரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருபவரும் அங்கே அரைமணி நேரம் கால் நீட்டிப் படுக்கட்டும். எழுபது ஆண்டுக் கணக்கில் விடுபட்ட இலக்கத்தில் சிறிதளவேனும் நம் சங்கம் எழுதியதாக ஆகும்.